ஏசி அறைக்குள் சூட்டுக்காற்று எந்த வழியாக வருகிறது? டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மகாராஜநகர்_மாடிவீடு

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை மகாராஜ நகரில் இருக்கிறோம், மேல்மாடி. படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, அதற்கு ஒன்றரை டன் ஏசி. அந்த அறைக்கு அது தாராளம். ஆனாலும் சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் நான்கு மணி ஆகியும் அறை குளிர மாட்டேன் என்கிறது. ஃபில்டர் கழுவியாயிற்று, கேஸும் பார்த்தாயிற்று. வந்த மெக்கானிக், "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், ரூம்லதான் எங்கயோ லீக் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்று உங்களுக்கே தெரியும்.

கொரோனா சமயத்தில் வாங்கிய காய்ச்சல் பார்க்கிற கன் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அதைச் சுவரில் காட்டினால் 'லோ' என்று வருகிறது. குளிர் நாடுகளில் இந்த மாதிரிக் கருவியை வைத்துத்தான் ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று நுழைகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறார்களாம். நமக்கு அது தலைகீழ், குளிர்ந்த அறைக்குள் சூடு நுழைகிறது. நம்ம பக்கத்தில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எந்தக் கன் வாங்க வேண்டும்? எங்கே காட்ட வேண்டும்?

பொதிகைச்சாரல்

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, காய்ச்சல் கன்னை உடம்பின் சூட்டுக்காக அமைத்திருக்கிறார்கள். 32-லிருந்து 43 டிகிரி வரைதான் காட்டும். ஏசி ஓடுகிற அறையின் சுவர் 28-ல் இருந்தால் 'லோ' என்றுதான் சொல்லும். சில மாடல்களில் 'சர்ஃபேஸ்' என்று தனியாக ஒரு மோடு இருக்கும், பட்டனை மாற்றிப் பாருங்கள். அது இல்லையென்றால் தொழிற்சாலைகளில் வைத்திருக்கிற இன்ஃப்ராரெட் கன் தேவைப்படும். மைனஸ் 50-லிருந்து 350, 400 வரை காட்டுகிற சாதாரண மாடல் போதும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். அந்தக் கன் காற்றின் சூட்டை அளக்காது. எதிரே இருக்கிற பரப்பிலிருந்து வருகிற அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அந்தப் பரப்பின் சூட்டைச் சொல்லும், அவ்வளவுதான். இடுக்கு வழியாக வருகிற சூட்டுக்காற்று அதன் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காற்று பட்டுப் பட்டுச் சூடேறிய நிலைச்சட்டமும் பூச்சும்தான் தெரியும். அதனால் அறையை நன்றாகக் குளிர வைத்து, வெளியே நல்ல வெயில் இருக்கும்போது பார்க்க வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் பத்து டிகிரியாவது வித்தியாசம் இருந்தால்தான் லீக் தெளிவாகத் தெரியும். பாளையில் இந்த மாதத்தில் அதற்குக் குறைவே இருக்காது.

அடுத்தது, சிவப்பு லேசர் புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் அளக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கன்னின் மேல் '12:1' என்று போட்டிருந்தால், பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று காட்டும்போது ஒரு அடி வட்டத்தின் சராசரியைச் சொல்கிறது என்று பொருள். அரை அங்குல இடுக்கைப் பார்க்க அறையின் நடுவில் நின்று காட்டினால் ஒன்றும் பிடிபடாது. ஒரு சாண் தூரத்துக்குப் போய், சுவருக்கு நேராகப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள்.

மூன்றாவது, பளபளப்பு. பெயிண்ட் அடித்த சுவர், செங்கல், மரம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் உமிழ்திறன், அதாவது தன் சூட்டைக் கதிராக வெளியே விடுகிற திறன், கிட்டத்தட்ட 0.9, 0.95 என்று இருக்கும். கன்னும் அந்தக் கணக்கில்தான் செட் ஆகியிருக்கும். மெருகேற்றிய அலுமினியத்துக்கோ 0.1-கூட இராது. அதில் காட்டினால் எதிர்ச் சுவரின் சூடு பிரதிபலித்து வந்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் காட்டுங்கள். சரியாக வரும்.

அப்புறம், கன்னையும் அறைக்குள் கொண்டுபோய் அரைமணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள். வெயிலிலிருந்து கொண்டுவந்த உடனே காட்டினால் அதன் சென்சாரே சூடாக இருக்கும், எண் தவறும்.

ஏசி_வேலை_வண்ணார்பேட்டை

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் ஏசி மாட்டுகிற வேலையில் இருக்கிறேன். எங்கே காட்ட வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

முதல் இடம், இன்டோர் யூனிட்டின் பின்பக்கம். காப்பர் பைப்பும் தண்ணிக் குழாயும் வெளியே போக இரண்டரை அங்குல ஓட்டை போடுவோம். வேலை முடிந்ததும் அதைப் புட்டி வைத்து அடைக்க வேண்டும். அவசரத்தில் பல இடங்களில் ஒரு துணியைத் திணித்துவிட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு முடித்துவிடுகிறார்கள். துணி மக்கினதும் வழி திறந்துவிடும். எறும்பு வரிசையாக வருவதும் பல்லி வருவதும் அந்த வழிதான். அதைவிடக் கேடு ஒன்று இருக்கிறது. அறையின் சூட்டைப் பார்க்கிற சென்சார் இன்டோர் யூனிட்டுக்குள்தான் இருக்கிறது. ஓட்டை வழியாக வருகிற சூட்டுக்காற்று அதன் பக்கத்திலேயே இறங்கினால், அறை குளிர்ந்த பிறகும் மெஷின் இன்னும் குளிரவில்லை என்று நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, சுவிட்ச் போர்டு. மட்டப்பா (மொட்டைமாடித் தளம்) கான்கிரீட்டுக்குள் போட்ட பைப் வழியாகத்தான் வயர் இறங்குகிறது. மேலே ஃபேன் பாக்ஸ், கீழே சுவிட்ச் பாக்ஸ். அந்தப் பைப்பின் ஒரு முனை வெளிச்சுவர் வழியாகவோ மாடி பக்கமாகவோ திறந்திருந்தால், சுவிட்ச் பிளேட்டின் ஓரத்தில் சூடு தெரியும்.

மூன்றாவது, கதவு நிலைக்கு மேலே இருக்கிற வென்டிலேட்டர். கண்ணாடி வைத்திருப்பார்கள், ஆனால் பட்டி விலகியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கிக் கதவடி வழியாக வெளியே ஓடும். அந்த இடத்துக்கு மேலிருந்து சூட்டுக்காற்று உள்ளே வரும். அதனால் கதவடி லீக்கை அறைக்குள் நின்று தேடாதீர்கள். ஹாலுக்குப் போய், கதவுக்கு வெளியே தரையில் காட்டுங்கள். மற்ற தரை 33 என்று இருக்கும், கதவடியை ஒட்டி ஒரு முழத்துக்கு 28, 29 என்று இறங்கும். உங்கள் காசு அங்கேதான் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்லிடை_பழையவீடு

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஊர் வெக்கைக்கு இடுக்குதான் காரணம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மேல்மாடி வீடு என்கிறார் தம்பி. தலைக்கு மேலே நாலைந்து அங்குலக் கான்கிரீட். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில் குடிக்கிறது. முன்காலத்தில் மட்டப்பாவில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் போட்டு, நாள் கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பாவினார்கள். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் பட்டாசல் (கூடம்) மத்தியானம் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஏசி கிடையாது. முற்றம் திறந்து கிடக்கிறது, புறவாசல் கதவையும் திறந்து வைத்தால் காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போகும். காற்றை வரவழைக்கக் கட்டிய வீடுகள் அவை. இப்போது தட்டோடு பாவாமல் வெறும் சிமெண்டுப் பூச்சோடு விட்டுவிட்டு, ஜன்னல் இடுக்கை அடைத்து என்ன ஆகப்போகிறது?

கன் வாங்கினால் முதலில் மேலே தூக்கிக் காட்டுங்கள் தம்பி. சுவரில் தேடுவதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள்.

பணகுடிக்காத்து

அண்ணாச்சி, பாளைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். எங்கள் பக்கம் கதை வேறு. ஆனி பிறந்தால் ஆவணி வரைக்கும் மேற்கிலிருந்து கணவாய் வழியாக இறங்குகிற காற்று இருக்கிறதே, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நாங்கள் வாசலிலேயே பார்க்கிறோம். முப்பந்தலில் அவ்வளவு காற்றாலை சும்மா நிற்கவில்லை. மேற்கு ஜன்னலைப் பூட்டி வைத்தாலும் காலையில் எழுந்தால் ஜன்னல் திட்டில் விரல் வைத்துக் கோடு போடலாம், அவ்வளவு புழுதி. இடுக்கு இல்லாமலா அது உள்ளே வருகிறது?

கன் வாங்காமலேயே லீக் பார்க்க அந்தப் புழுதி போதும். அது எந்த ஓரத்தில் கோடாகப் படிகிறதோ அங்கேதான் வழி.

காற்று இல்லாத நாளில் பார்க்க ஒரு வழி. ஜன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். படுக்கையறைக் கதவைத் திறந்து வையுங்கள். ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். கன்னில் காட்டுகிற வித்தியாசம் நன்றாகக் கூடும். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திப் பிடித்தால் புகை ஆடுவதிலேயே தெரிந்துவிடும். திரைத்துணி பக்கம் மட்டும் பத்தியைக் கொண்டுபோகாதீர்கள்.

மகாராஜநகர்_மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. 12:1 கன் ஒன்று வாங்கிவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு, ஏசி 24-ல் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

ஹால் பக்கத்து உட்சுவர் நடுவில் 27. இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டேன். மேற்குச் சுவர் முழுக்க 32-க்குப் பக்கம், எங்கே காட்டினாலும் பெரிய மாற்றம் இல்லை. இன்டோர் யூனிட்டின் வலது ஓரத்தில், பைப் போகிற இடத்தில் 36. அதிலிருந்து கீழே விசிறி விரித்த மாதிரி 35, 33, 31 என்று குறைந்துகொண்டே வந்து ஒரு முழத்தில் சாதாரணச் சுவராகிவிட்டது. மேற்கு ஜன்னல் ஸ்லைடிங். இரண்டு கதவும் சேருகிற நடுச்சட்டத்தின் மேல்முனையில் 34. சுவிட்ச் போர்டில் ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியே ஹால் தரை, வண்ணார்பேட்டை அண்ணன் சொன்ன மாதிரியே 29, தள்ளிப் போனால் 33.

கூரை 38. நடுவில், மூலையில், எங்கே காட்டினாலும் 38. இரவு எட்டு மணிக்குச் சும்மா ஒரு முறை காட்டிப் பார்த்தேன், 41! வெயில் போய் இவ்வளவு நேரமாகியும் கூடியிருக்கிறதே?

பொதிகைச்சாரல்

அருமையாக எடுத்திருக்கிறீர்கள் தம்பி. இந்த எண்களிலேயே விடை இருக்கிறது.

ஒரு ஓரத்தில் தொடங்கி விசிறியாக விரிந்து குறைந்துகொண்டே வந்தால் அது காற்று. பைப் ஓட்டை அப்படித்தான். ஜன்னலின் மேல்முனையும் பெரும்பாலும் காற்றாகத்தான் இருக்கும், ஊதுவத்தி வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பரப்பு முழுக்க ஒரே சீராகச் சூடாக இருந்தால் அது வெயில் சுவருக்குள் ஊறி வருகிற சூடு. மேற்குச் சுவரும் கூரையும் அந்த வகை. அதற்கு சிலிகான் அடைத்துப் பலன் இல்லை.

இரவு கூடியது நியாயம்தான். கான்கிரீட் சூட்டை மேலிருந்து கீழே கடத்த மணிக்கணக்காகும். மதியம் மட்டப்பாவில் விழுந்த வெயில், நீங்கள் சாப்பிட்டுப் படுக்கப் போகிற நேரத்தில்தான் கீழ்ப்பக்கம் வந்து சேர்கிறது. அறையின் காற்று 26-க்கு வந்துவிட்டாலும், 41 டிகிரிக் கூரை மேலிருந்து உங்கள் உடம்பின் மேல் கதிர் வீசிக்கொண்டே இருக்கும். ஏசி ஓடியும் புழுக்கமாக இருக்கிறது என்று பலர் சொல்வது இதைத்தான். கல்லிடைக்குறிச்சி ஐயா சொன்னது சரி, பெரிய வாசல் மேலேதான் இருக்கிறது. ஆனால் பைப் ஓட்டையையும் விட்டுவைக்க வேண்டியதில்லை, அது ஒரு மணி நேர வேலை.

உவரிக்_கரை

நடுவில் ஒரு எச்சரிக்கை. ஸ்லைடிங் ஜன்னலை அடைக்கிறேன் என்று கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கம் இருக்கிற சின்ன நீள ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். தண்டவாளத்தில் தேங்குகிற மழைத்தண்ணீர் வெளியேற வைத்தது அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் நிரம்பி உட்சுவர் வழியாக இறங்கிக் கட்டில்வரை வந்துவிட்டது. காற்று வருவது பெரும்பாலும் கதவோரத்தில் இருக்கிற பிரஷ் பட்டி தேய்ந்துபோனதால்தான். அந்தப் பட்டியை உருவி எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்து மாட்டலாம், மீட்டர் கணக்கில் விற்கிறார்கள்.

கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு சங்கதி. இங்கே வெளிக்காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்று இடுக்கு வழியாக வந்து குளிர்ந்த சுவரில் பட்டால் வியர்த்துவிடும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கிற வீடுகளில் அந்தச் சுவரைக் கன்னில் பாருங்கள். சுற்றுச் சுவரைவிடக் குளிர்ந்து தெரிகிற திட்டு பெரும்பாலும் ஈரம்தான்.

ஏசி_வேலை_வண்ணார்பேட்டை

உவரிக்காரர் சொன்னது முக்கியம். நான் இன்னும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அடைப்பது ஏசி அறையோடு நிற்கட்டும். சமையலறை வென்டிலேட்டரை அடைக்கவே கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் கீழேயும் காற்றுப் போக வழி வேண்டும். பாத்ரூமில் கேஸ் கெய்சர் வைத்திருப்பவர்கள் அங்கே ஒரு இடுக்கைக்கூட அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குளிக்கப் போனவர் விழுந்த பிறகுதான் வெளியே தெரியும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏசி அறையிலும் நான்கைந்து பேர் கதவைப் பூட்டிப் படுக்கிறீர்கள் என்றால் அவ்வப்போது கதவைத் திறந்து மூடுங்கள்.

பைப் ஓட்டைக்கு ஏசி புட்டி கேளுங்கள், களிமண் மாதிரி இருக்கும். நாளைக்குப் பைப்பைக் கழற்ற வேண்டி வந்தால் கையாலேயே எடுத்துவிடலாம். சிமெண்டு வைத்து அடைத்தவர்கள் சர்வீஸுக்கு உடைக்கச் சொல்லி எங்களையே கூப்பிடுகிறார்கள். வெளிப்பக்கமும் வைக்க வேண்டும், ஓட்டை வெளியே சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். கதவடிக்கு ரப்பர் பட்டியோ பிரஷ்ஷோ, எது கிடைத்தாலும் சரி.

கல்லிடை_பழையவீடு

கூரைக்கு என்ன செய்யப் போகிறார் என்று தம்பி சொல்லவில்லையே.

மகாராஜநகர்_மாடிவீடு

அதற்குத்தான் வருகிறேன் அண்ணாச்சி. புட்டி வைத்து, பிரஷ் பட்டி மாற்றி, கதவடிக்கு ரப்பர் போட்டாயிற்று. பைப் ஓரம் 36-லிருந்து 31-க்கு வந்துவிட்டது. மதியம் முக்கால் மணி நேரத்தில் மெஷின் கட்-ஆஃப் ஆகிறது. கூரை அதே 38-ல்தான் நிற்கிறது.

மட்டப்பாவில் ஒரு மூலையில் நான்கடிக்கு நான்கடி சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்கு வெறும் சிமெண்டு 58, சுண்ணாம்பு அடித்த இடம் 44. வெள்ளை நிறம் என்பதால் கன் தவறாகக் காட்டுகிறதோ என்று ஒரு சந்தேகம். அக்கா சொல்ல வேண்டும்.

பொதிகைச்சாரல்

தவறு இல்லை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற சுண்ணாம்பு, அகச்சிவப்பைப் பொறுத்தவரை கறுப்பு பெயிண்ட் மாதிரிதான், உமிழ்திறன் 0.9-ஐ ஒட்டியே இருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, தன் சூட்டையும் தாராளமாக வெளியே விடுகிறது. இரண்டு குணமும் சேர்ந்திருப்பதால்தான் 14 டிகிரி குறைந்தது. கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

புதுத் தகரமாக இருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அது வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும், கன்னோ வானத்தின் பிரதிபலிப்பை வாங்கி 20 என்றுகூடக் காட்டும். நம்பிக் கை வைத்தால் கொப்பளித்துவிடும்.

பணகுடிக்காத்து

அக்கா, எங்கள் மாட்டுக்கொட்டகை தகரம்தான். துருப்பிடித்துப் பழுப்பாகிவிட்டது. அதற்கும் டேப் ஒட்ட வேண்டுமா?

பொதிகைச்சாரல்

துரு ஏறிய தகரம் பளபளப்பை இழந்துவிடும், நேராகவே காட்டலாம். கீழ்ப்பக்கம் நின்று அளந்தால் மாடுகளின் முதுகில் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். மேலே தென்னங்கீற்று பரப்பிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். லேசர் மாட்டின் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி_வேலை_வண்ணார்பேட்டை

மகாராஜ நகர் தம்பிக்கு: மட்டப்பா முழுக்க வெள்ளை அடிக்கும் முன்னால் வெடிப்பு இருந்தால் அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவிவிடுங்கள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கரையும், பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் சில வருடம் தாங்கும், புழுதி படிந்தால் பலன் குறையும் என்பதால் கழுவி வைத்துக்கொள்ள வேண்டும். கையில் காசு இருந்து தட்டோடு பாவ முடிந்தால் அண்ணாச்சி சொன்ன வழிதான் நிரந்தரம். கூரை இறங்கிவிட்டால் ஏசியை 26-ல் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன நிறுவனமே சொல்கிறது. 24-ல் போர்த்திக்கொண்டு படுப்பதைவிட 26-ல் ஃபேனும் சேர்த்துப் போடுவது நல்லது.

மகாராஜநகர்_மாடிவீடு

கொத்தனாரிடம் பேசிவிட்டேன். தட்டோட்டுக்குக் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் இந்த வாரமே சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம். அடித்த பிறகு இரவு எட்டு மணிக்குக் கூரையை அளந்து இங்கேயே போடுகிறேன்.